எனது என்பதன் எடை

தை முதல் நாள் காலையில், ஊர் பார்க்க, உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர் ஒரு வெண்கலப் பானையை நடுத்தெருவில் வைத்து இழுத்தார்கள். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. உள்ளே அரிசி பாதி வெந்திருந்தது. சூடு தாங்காமல் இருவரும் விளிம்பில் துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தார்கள். தோளில் கிடக்க வேண்டிய துண்டு அது. பானை சரிந்து அரிசி மணலில் கொட்டியபோது, எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

தென்காசியில் அந்தக் குடும்பத்தைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை.

மூத்தவர் கோமதிநாயகம். மரக்கடை நடத்தி, போதும் என்று கடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். இளையவர் ஆவுடையப்பன். ஒரே வீட்டின் இரு பாதிகளில் இரு குடும்பங்களும் இருந்தன, வாசல் பொது. அப்பா காலமான துக்கம் கழிந்து வந்த முதல் பொங்கல் அது. அப்பா பொங்கல் வைத்த பானை யார் அடுப்பில் ஏற வேண்டும் என்பதுதான் வழக்கு. அந்தப் பானை பொங்கிய பிறகே தெருவில் மற்றப் பானைகள் பொங்கும் என்பது வழக்கம். கழுத்தில் தாத்தாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

பானையில் தொடங்கியது பெட்டகத்துக்குப் போனது, பின்வாசல் கிணற்றுக்குப் போனது, கடைசியில் வழக்கறிஞர் வீட்டுக்குப் போனது. சொத்துப் பிரிவினை என்றால் முதலில் சமன், அதற்குப் பிறகுதான் நீதிமன்றம் என்று சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சமன் என்பது காதுக்குப் பின்னால் ஒட்டுகிற சிறிய பட்டை. காலையில் ஒட்டினால் பொழுது சாயும் வரை, தன் பொருளும் பிறத்தியார் பொருளும் மனசுக்கு ஒரே எடையாகத் தெரியும். அந்த நேரத்துக்குள் பிரித்து முடித்துவிட வேண்டும்.

கோமதிநாயகம் அதை முதலில் ஏற்கவில்லை. "என் புத்தியில அடுத்தவன் கை வைக்கவா?" என்றார். ஆனால் அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை. ஆனி மாதத்தில் ஒரு நாள், தம்பி மகள் தெய்வானையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பொது வாசலில் நின்றபடி, "பானைக்காரங்க வீடு இதுதானா?" என்று கேட்டதைத் தன் காதால் கேட்டார். மறுநாளே தம்பியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏல ஆவுடை, சமன் மையத்துக்குப் போவோம். ஊர் சிரிச்சது போதும்."

போகிற அன்று காலையில் மனைவி வடிவம்மாள் காப்பி கொண்டு வந்து வைத்தாள். பாதி குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தினார்.

"சீனி கூடிப்போச்சு. மனுசன் குடிப்பானா இதை?"

வடிவம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணமான காலத்திலிருந்து அந்த வீட்டில் நாள்தோறும் நடப்பது அது. ஒன்று சீனி கூடியிருக்கும், அல்லது ஆறிப்போயிருக்கும். 'இந்த மனுசன்கிட்ட ஒரு நாளாவது நல்ல பேரு வாங்கினேளா அக்கா?' என்று தம்பி மனைவி கேலி செய்வாள். வடிவம்மாள் சிரிப்பாள்.

* * *

மையம் திருநெல்வேலியில் இருந்தது. டாக்டர் செண்பகவல்லி கோவில்பட்டிப் பெண்; வயது குறைவு, பேச்சில் பணிவு இருந்தது. வந்த உடனே இருவர் கையிலும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தாள். "மையத்தோட அன்பளிப்பு. வீட்டுக்குக் கொண்டுபோங்க ஐயா" என்றாள். பயணம் எப்படி, சாரல் விழுகிறதா என்று பொதுவாகப் பேசினாள். பிறகு திடீரென்று, "டம்ளரை ரெண்டு பேரும் மாத்திக்கிடுதீங்களா?" என்றாள்.

"எதுக்கு?" என்றார் கோமதிநாயகம்.

"சும்மாதான்."

"வேண்டாம். இது கனமா இருக்கு. அவன் கையில இருக்கது தகரம் மாதிரி தெரியுது."

"எனக்கும் வேண்டாம்," என்றார் ஆவுடையப்பன். "அண்ணன் டம்ளர்ல விளிம்பு சரியில்ல."

டாக்டர் சிரித்தாள். "ரெண்டும் ஒரே கடையில, ஒரே பெட்டியில வாங்கினது. கையில வந்து ஒரு பேச்சு நேரம்தான் ஆச்சு. அதுக்குள்ள உங்களது கனம், அவங்களது தகரம்."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அதேதான் ஐயா. நம்ம பொருள் உசத்தின்னு நாம நினைக்கிறது, அது நல்லா இருக்கதுனால இல்ல. அதை விடுறது வலிக்கும், அதுனால. புதுசா ஒண்ணு கிடைச்சா வர்ற சந்தோசத்தை விட, இருக்கது போனா வர்ற வலி பெரிசு. அந்த வலிக்கு மூளையில ஒரு இடம் இருக்கு. பட்டை அந்த இடத்தை ஒரு பகல் தூங்க வைக்கும். பொழுது சாய எடுத்திருவோம், அது முழிச்சுக்கிடும்."

ஆவுடையப்பன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொருளுக்கு மட்டும்தானாம்மா? வீட்டு ஆளுங்களுக்கு?"

"ஒரு பகல்ல அது வரைக்கும் போகாது." டாக்டரின் குரல் சற்று இறங்கியது. "ஆனா ஒண்ணு கேக்கணும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இதை ஒட்டவே கூடாது. மாத்திரையும் பட்டையும் சேர்ந்தா, தூங்கினது எழும்பாமலே போயிரலாம். உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது, சின்ன வயசுலயாவது, அப்படி உண்டுமா?"

கோமதிநாயகம் டம்ளரை மேசையில் வைத்தார்.

கோமதிநாயகத்துக்குச் சிறுவயதிலிருந்து வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை விழுந்தபோது, வெயிலில் மயக்கம் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று முதல் அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. மாத்திரை சூடத்தகர டப்பாவுக்குள் இருக்கும். மதுரையிலிருந்து வரும், உள்ளூர்க் கடையில் ஒருநாளும் வாங்கியதில்லை. அவர் தாலி கட்டியபோது பெண் வீட்டுக்குத் தெரியாது. அவர் மகள் சிவகாமிக்கு மாப்பிள்ளை பேசியபோதும் அந்த வீட்டாருக்குத் தெரியாது. இப்போது தெய்வானைக்குப் பேச்சு நடக்கிறது. பெரியப்பாவுக்கு வலிப்பு என்று ஒரு வாய் சொன்னால் போதும், வாசலில் வந்து நிற்கிற கார் திரும்பிப் போய்விடும். குடும்பம் என்பது நாலு சுவர் அல்ல. சுவருக்குள் இருப்பது வெளியே போகாமல் இருப்பதுதான் குடும்பம்.

"எங்க குடும்பத்துல அந்த மாதிரி எதுவும் கிடையாது," என்றார். முதுகு நாற்காலியில் சாயவில்லை.

டாக்டர் ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவர் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அன்று அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தவர் அவர்தான்.

"கிடையாதும்மா," என்றார்.

பட்டை ஒட்டப்பட்டது. எறும்பு ஊர்வது போல இருந்தது, அவ்வளவுதான். டாக்டர் மறுபடியும் டம்ளரை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். மாற்றிக்கொண்டார்கள். இரண்டும் டம்ளர்கள்.

* * *

வழக்கறிஞர்கள் இரண்டு ஆண்டு இழுத்திருக்கக்கூடிய பிரிவினை அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி, வெயில் சாய்வதற்குள் முடிந்தது. மையத்திலிருந்து வந்த பெண் கூடத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெட்டகமா, தம்பிக்கு எதற்கு, அவன் மாடிப்படியில் ஏறாது, அண்ணன் வைத்துக்கொள்ளட்டும். கிணறா, இருவரும் இறைக்கட்டும். பேர் வெட்டிய பாத்திரங்களைப் பேரைப் பார்க்காமல் அளவைப் பார்த்துப் பிரித்தார்கள். அம்மாவின் பெயர் வெட்டிய தாம்பாளம் ஒன்று யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணே சங்கடப்பட்டு அதை வடிவம்மாள் கையில் கொடுத்தாள்.

"வெண்கலப் பானை?"

"ஆவுடை வச்சுக்கட்டும்," என்றார் கோமதிநாயகம். "அவன் பக்கம் வெளிச்சம் நல்லா விழும்."

வேடிக்கை பார்க்கத் தெருவே வந்திருந்தது. ஒருவர் கை தட்டினார். பெரிய வீடு பெரிய வீடுதான் என்று பேச்சு அன்றைக்கே கோயில் வாசல் வரை போயிற்று. போன மானம் திரும்பி வந்தது. பொழுது சாயும்போது பட்டைகளை உரித்து எடுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் பெட்டகம் இருந்த இடத்தில் நின்று அழுதார். அப்பா மடியில் உட்கார்ந்து அதன் பூட்டைத் திறந்து விளையாடியதெல்லாம் இரவோடு இரவாக அவருக்குத் திரும்பி வந்திருந்தது. அழுதாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. விட்டது வலிக்கிறது, வலிக்கிற இடம் உயிரோடு இருக்கிறது.

கோமதிநாயகம் அன்று காலைக் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வடிவம்மாள் டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போனாள்.

* * *

முதலில் அது ஒரு விடுதலை போலத்தான் இருந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வேறொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டார். செருப்புக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க போட்டிருக்கது என் செருப்புல்லா?"

"அப்படியா? காலுக்குச் சரியாத்தான் இருந்துச்சு. கழட்டிக்கிடுங்க."

"உங்க செருப்பு?"

"அங்கனதான் கிடக்கும். யாராவது போட்டுக்கிடட்டும்."

ஞானம் வந்துவிட்டது என்றார்கள். பற்றற்ற நிலை என்றார்கள். தெருவில் சண்டை வந்தால் அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் போய், தன் வீட்டுச் சாக்கடையையும் அடுத்த வீட்டுச் சாக்கடையையும் ஒரே கண்ணால் பார்த்து நியாயம் சொன்னார். ஆனால் தன் வீட்டு ஓட்டில் ஒழுகியபோது கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டாரே தவிர, கொத்தனாரைக் கூப்பிடவில்லை. ஊரில் எத்தனையோ வீடு ஒழுகுகிறது.

அந்த வருஷம் சமன் ஊரெல்லாம் பரவியது. வழக்கு இல்லாதவர்களும் நிம்மதிக்காக அடிக்கடி ஒட்டிக்கொண்டார்கள். வழக்குகள் குறைந்தன. கூடவே, பழுது பார்க்கிற கடைகளும் குறைந்தன. தன் பொருள் என்ற பிடி இல்லாதவன் எதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்வான்? மலையடிவாரத்தில் நிலம் வாங்க வந்தவர்கள், விற்பவர்களுக்குப் பட்டை ஒட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்கள். எல்லாம் முறைப்படிதான், யாரும் யாரையும் மிரட்டவில்லை. பொழுது சாய்ந்து பட்டையை எடுத்ததும், விற்றவன் வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். 'எனது' என்பது பேராசைக்காரனின் சொல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஏழைக்கு வேலியும் அதுதான் என்று வேலி போன பிறகே தெரிந்தது.

மறுவருஷம் ஆடி மாதம் சாரல் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தபோது சிவகாமிக்குப் பிரசவம் ஆயிற்று. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. ஆண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தாள். குழந்தை சிவப்பாக, நன்றாக இருந்தது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு கிழவருக்கும் பேரன் பிறந்திருந்தான். அந்தக் குழந்தையும் சிவப்பாக, நன்றாக இருந்தது.

"பாத்தேளா அண்ணாச்சி, எம் பேரன் மூக்கை!" என்றார் அந்தக் கிழவர். அவர் வாயில் பல் இல்லை. சிரிப்பு முகம் முழுக்க இருந்தது. "இப்படி ஒரு மூக்கு இந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது."

கோமதிநாயகம் அந்த மூக்கைப் பார்த்தார். தன் கையில் இருந்த மூக்கைப் பார்த்தார். இரண்டும் மூக்கு.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிவகாமி பிறந்த அன்று, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டிலுக்குள் தலையை விட்டு அவள் உள்ளங்காலை முகர்ந்தது நினைவுக்கு வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் விறைப்பாக நிமிர்ந்து, 'தொட்டில் கயிறு சரியில்ல' என்று அதட்டியதும் நினைவுக்கு வந்தது. நினைவு அப்படியே இருந்தது. அதன் சூடுதான் இல்லை. வேறு யாரோ சொல்லிக் கேட்ட கதை போல இருந்தது.

"அப்பா, புள்ளை எப்படி இருக்கான்?" சிவகாமி கட்டிலில் இருந்து கேட்டாள்.

"நல்லா இருக்கான்."

"அவ்வளவுதானா?" என்றாள் மகள். பிறகு தாயைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா வாயில இருந்து இதுக்கு மேல வந்தாத்தான் அதிசயம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலமெல்லாம் விறைத்தே இருந்த மனிதர் உள்ளே காலியானால் வெளியே எப்படித் தெரியும்?

* * *

அந்த வாரத்தில் ஆவுடையப்பன் வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பக்கம் வந்தார். புளி போட்டுத் துலக்கியிருந்தார்.

"அண்ணே, இதை நீங்களே வச்சுக்கிடுங்க. அன்னைக்கு அந்த அம்மா கேட்டப்போ நான் வாயைத் திறந்திருக்கணும். உங்களை இப்படிப் பாக்க என்னால முடியல."

"நீ திறந்திருந்தா நான் உன்னை மன்னிச்சிருக்க மாட்டேன்ல."

"இப்போ மன்னிக்கீங்களா?"

கோமதிநாயகம் யோசித்துப் பார்த்தார். தேடினார் என்றே சொல்ல வேண்டும். "மன்னிக்கதுக்குக் கோபம் வேணும்ல ஆவுடை. அது வரல. பானை அங்கனயே இருக்கட்டும். பானைதானே."

ஆவுடையப்பன் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு காலத்தில் இதே பானைக்காகத் தன்னைத் தெருவில் இழுத்த அண்ணன் அவருக்கு வேண்டியிருந்தது.

மறுபடி மையத்துக்குப் போவதென்று கோமதிநாயகம் முடிவு செய்ததற்குக் காரணம் துக்கம் அல்ல. அது அவருக்கு இல்லை. நியாயம்தான் காரணம். தெருவில் எல்லா வீட்டையும் ஒன்றுபோலக் காக்கிறவன் நல்ல காவல்காரன். ஆனால் அவனுக்கென்று ஒரு வீடு இருந்து, அதன் கதவு திறந்தே கிடந்தால் அது முறையல்ல. மகளுக்கு ஒரு தகப்பனும், வடிவம்மாளுக்கு ஒரு புருஷனும் வர வேண்டிய பாக்கி இருப்பது கணக்குப்போலத் தெரிந்தது.

உண்மையைச் சொல்வதும் எளிதாகவே இருந்தது. மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். "டாக்டரம்மா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுதேன்."

உயிரே போனாலும் வராது என்று வைத்திருந்த சொல், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல வந்துவிட்டது. தன் குடும்ப மானத்துக்கும் ஊரார் குடும்ப மானத்துக்கும் இப்போது அவரிடம் ஒரே எடை.

டாக்டர் செண்பகவல்லி பேனாவை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏன் ஐயா சொல்லல?"

"எங்களை மாதிரி வீட்டுல சொல்ல மாட்டாங்கம்மா."

"மாற்று மருந்து ஒண்ணு இருக்கு. தூங்கினதை எழுப்பிரலாம். ஆனா உங்க வயசுக்கு அது முரட்டு மருந்து. எழுப்புற வேகத்துல வலிப்பும் பெரிசா வரலாம். உயிருக்கே ஆபத்துன்னு சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். அதனால, கூட இருக்கவங்க மாற்றம் இருக்குன்னு உறுதியாச் சொன்னாத்தான் நான் அதைக் கொடுக்க முடியும். உங்களுக்கே உங்களைப் பத்தி இப்போ சரியாச் சொல்லத் தெரியாது." அவள் வடிவம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. ஐயா உங்ககிட்ட முன்ன மாதிரி இருக்காங்களா? எது மாறியிருந்தாலும் சொல்லலாம். சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வாழ வந்து, அந்த வீட்டு முதுகு அவளுக்கும் வந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரங்க எப்பவும்போலத்தான் இருக்காங்க. ஒரு குறையும் கிடையாது."

"நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா."

"யோசிக்க என்ன இருக்கு? தாலி கட்டின அன்னைக்கு எப்படியோ, இன்னைக்கும் அப்படித்தான்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்குக் கேட்க வழியில்லை. கோமதிநாயகத்துக்கும் அது சரியாகவே பட்டது. கூட வாழ்கிறவளே மாற்றம் இல்லை என்கிறாள். அப்படியானால் முன்பும் தன்னிடம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

* * *

தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் வடிவம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாரல் கண்ணாடியில் வழிந்தது. வெளியே காற்றாலைகள் வரிசையாக நின்று சுற்றிக்கொண்டிருந்தன. டவுனைத் தாண்டிய பிறகு அவள் பேசினாள், அவரைப் பார்க்காமல்.

"காப்பியை முழுசும் குடிச்சிருதீங்க."

"என்னது?"

"பட்டை ஒட்டின மறுநாள்ல இருந்து. ஒரு சொட்டு மிச்சம் இல்ல."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் வந்த புதுசுல உங்க அம்மா மருமகளுக்கு நல்ல காப்பி கொடுக்க மாட்டாங்க. எல்லாரும் குடிச்ச பிறகு, வடிச்ச தூள்ல இன்னொரு தடவை வென்னி ஊத்தித் தருவாங்க. அதைக் குடிச்சிட்டு நான் முகத்தைச் சுளிச்சதை நீங்க ஒரு நாள் பாத்தீங்க. மறுநாள் காலையில, சீனி கூடிப்போச்சுன்னு வீடே அதிரக் கத்திட்டு, பாதி டம்ளரை வச்சிட்டுப் போனீங்க. எச்சில் காப்பியை வேற யாரு குடிப்பா, பொண்டாட்டிதான் குடிக்கணும்னு உங்க அம்மாவே என்கிட்டக் கொடுத்தாங்க." அவள் நிறுத்தினாள். "உங்க காப்பியில நான் ஒருநாளும் சீனி கூடப் போட்டதே இல்ல. அவங்க போயும் நீங்க நிறுத்தல. ஒத்த வார்த்தை நல்லதாப் பேசினதில்ல, ஒரு நாள் பாதிக் காப்பி வைக்காம இருந்ததும் இல்ல."

கோமதிநாயகத்துக்கு அது நினைவிருந்தது. அவளுக்குத் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"அப்போ டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"என் புருசனுக்கு என்மேல இருந்த இது போயிருச்சுன்னு மூணாம் மனுசிகிட்ட என் வாயால சொல்லவா?" அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதுவும் போகட்டும், மானத்தைக்கூட விட்டிருப்பேன். அந்த மருந்து குடிச்சு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? சூடத்தகர டப்பாவுல மாத்திரை இருக்கது வந்த வருஷமே எனக்குத் தெரியும். நீங்க தூங்கும்போது வாயில நுரை வருதான்னு எத்தனை நாள் முழிச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா? காப்பி போனாப் போகுது. ஆளு இருக்கணும்."

"இந்த ஆளை வச்சு என்ன செய்யப் போற?"

"ஊர்ல ஆயிரம் நல்ல பானை இருக்கும். ஓட்டையானாலும் இது என் பானை. எவ கொடுப்பா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கோமதிநாயகம் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் அழுதால் ஒரு நல்ல மனிதனுக்கு எவ்வளவு இரக்கம் வருமோ, அவ்வளவு வந்தது. அதைவிட ஒரு குன்றிமணி எடை கூட வரவில்லை. எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆலங்குளத்தில் பஸ் நின்றது. அவர் இறங்கிப் போய்க் கடையில் ஒரு காப்பி வாங்கினார். சாரலில் நனைந்தபடி நின்று பாதி குடித்தார். மீதியைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"சீனி கூடிப்போச்சு," என்றார். "மனுசன் குடிப்பானா இதை?"

வடிவம்மாள் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். கடைக்காரன் சீனி போடவே மறந்திருந்தான். கசந்தது.

அன்றும் அது பொய்தான். இன்றும் பொய்தான். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தன் கடமையைச் சரியாகச் செய்துவிட்டோமா என்று பார்த்து நிற்கிற ஒரு அந்நியரின் முகம், மரியாதையான முகம். அவள் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்து, காலி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"ஆமா," என்றாள். "கூடித்தான் போச்சு."